மார்கழி எண்ணெயும் அலாஸ்கா விமானமும்

மார்கழி மாசம் விடியற்காலையில் விருத்தாசலத்தில் இருந்திருக்கிறீர்களா? பழமலைநாதர் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். மணிமுத்தாற்றின் மேல் லேசாகப் பனி படர்ந்திருக்கும். டீக்கடையில் எல்லோரும் தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, ஏதோ சிம்லாவில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 20 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நம்ம குளிர் அவ்வளவுதான்!

அந்தக் குளிருக்கே வீட்டில் ஒரு காரியம் நடந்துவிடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. வெள்ளைவெளேர் என்று உறைந்து கிடக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெயின் சுபாவம் அது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று பையன் பாட்டிலைக் குலுக்குவான், ஈர்க்குச்சியை விட்டுக் குத்துவான். அம்மா ஒன்றும் பேசாமல் பாட்டிலை வாங்கி வெந்நீர்ச் சொம்புக்குள் இறக்கி வைப்பாள். இரண்டு நிமிஷத்தில் எண்ணெய் இளகிவிடும்.

அந்தச் சொம்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதை முழுக்க அதுதான்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் யாராவது கனடாவில், எட்மன்டனிலோ வின்னிபெக்கிலோ வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே நிறையக் கார்களின் மூக்கிலிருந்து ஒரு மின்சார பிளக் வெளியே தொங்கும். மின்சாரக் காரா என்றால், இல்லை, பெட்ரோல் காரேதான். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு அந்த பிளக்கைச் சுவரில் செருகிவிட்டுத் தூங்கப் போவார்கள். உள்ளே எஞ்சினோடு ஒரு சின்ன ஹீட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1940-களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், மின்சாரக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் இருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். வெளியே மைனஸ் 30. ஹீட்டர் இல்லையென்றால் காலையில் கார் கிளம்பாது.

கார் கிளம்பாவிட்டால் ஆபீசுக்கு லீவு சொல்லிவிடலாம். சின்ன விமானம் கிளம்பாவிட்டால்? அதைவிட மோசம், அரைகுறையாகக் கிளம்பி, ஆயிரம் அடி உயரத்தில் நின்றுபோனால்?

குளிரில் ஒரு சின்ன விமானத்தின் எஞ்சினுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் எண்ணெய். எஞ்சின் ஆயில் தேங்காய் எண்ணெய் மாதிரி பளிச்சென்று உறையாது. ஆனால் வெல்லப் பாகு முற்றுகிற மாதிரி கெட்டியாகிக்கொண்டே போகும். காற்றால் குளிரும் விமான எஞ்சின்களுக்குக் கனமான எண்ணெய்தான் ஊற்றுவது வழக்கம்; அது இன்னும் சீக்கிரம் கெட்டியாகும். எஞ்சின் சுற்ற ஆரம்பித்த முதல் நொடியிலேயே பேரிங்குகளுக்கு எண்ணெய் போயாக வேண்டும். பாகைக் குழாய்க்குள் உறிஞ்சி இழுக்க பம்ப்பால் முடியாது. இரும்பும் இரும்பும் வறட்டுக்கு உரசும்.

இரண்டாவது, உலோகங்களுக்குள் நடக்கிற பங்காளிச் சண்டை. எஞ்சினின் வெளிக்கூடு அலுமினியம். உள்ளே சுழலும் கிராங்க்‌ஷாஃப்ட் எஃகு. குளிரில் இரண்டும் சுருங்கும். ஆனால் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் சுருங்கும். விளைவு, கூடு உள்ளே இருக்கிற தண்டைப் பிடித்து இறுக்குகிறது. எண்ணெய் நுழைய வேண்டிய தலைமுடி இடைவெளியும் குறைந்துபோகிறது. சிலிண்டர் பக்கம் இதற்கு நேர் எதிர்க் கோளாறு. அங்கே பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் எஃகு. கிளப்பிய வேகத்தில் பிஸ்டன் சூடாகி உப்புகிறது. வெளியே குளிர்காற்று படுகிற சிலிண்டர் இன்னும் சுருங்கியே இருக்கிறது. போச்சு, சுவரில் கீறல்!

மூன்றாவது, பெட்ரோல். எரிய வேண்டுமென்றால் அது முதலில் ஆவியாக வேண்டும். கடுங்குளிரில் அதற்கு மனசே வராது. சரி, இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று விமானி ஊற்றிக்கொண்டே போனால் பெட்ரோல் கீழே வழியும். ஒரு பொறி பட்டால் விமானமே எரியும். பேட்டரியும் குளிரில் பாதி உயிரோடுதான் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு லைகமிங் கம்பெனி தன் பெரும்பாலான எஞ்சின்களுக்கு மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் சூடுகாட்டு, அப்புறம் கிளப்பு என்கிறது. கான்டினென்டல் கம்பெனிக்கு இன்னும் பயம் அதிகம், மைனஸ் 7-க்கே சொல்லிவிடுகிறது. சூடு என்றால் மேலாக ஒரு ஊது ஊதிவிட்டுப் போவதல்ல. அங்கேதான் அவசரக்காரர்கள் ஏமாறுகிறார்கள். சூடான காற்றை முகப்பில் பத்து நிமிஷம் அடித்தால் சிலிண்டர் சூடாகிவிடும், எஞ்சின் சமர்த்தாகக் கிளம்பியும்விடும். ஆனால் அடிவயிற்றில் இருக்கிற எண்ணெயும், நடுவே இருக்கிற பேரிங்கும் அப்படியே ஜில்லென்று இருக்கும். மணிக்கணக்கில் காத்திருந்து, எலும்பு வரைக்கும் சூடு இறங்க வேண்டும்.

இதைச் சொன்னால் விருத்தாசலத்துக்காரர்களுக்கு உடனே புரியும். அங்கே ரயில்வே ஜங்ஷனுக்கும் முந்திரிக்கும் அடுத்தபடி பேர் வாங்கியது பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தருகிற அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் கேரியர் என்று அந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வந்தவை உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கலாம். சூளைக்காரரிடம் போய், 'ஏன் சார், எடுத்த எடுப்பில் முழு நெருப்பு வைத்தால் என்ன?' என்று கேளுங்கள். சிரிப்பார். பச்சைக் களிமண்ணுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. வேகமாகச் சூடேற்றினால் அது நீராவியாகிப் பொருளையே வெடிக்கவைக்கும். அதைத் தாண்டினால் 573 டிகிரியில் இன்னொரு கண்டம். களிமண்ணோடு கலந்திருக்கும் குவார்ட்ஸ் அந்த வெப்பத்தில் திடீரென்று உப்பும். அங்கே அவசரப்பட்டால் விரிசல். ஆறும்போதும் அதே இடத்தில் அதே பயம். சூளை விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் என்பது பாதிக்குப் பாதி காத்திருப்பதுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரை. குட்டைகளில் தண்ணீர் உறைந்து கிடந்தது. ரைட் சகோதரர்கள் வெளியே கொஞ்ச நேரம் வேலை செய்வதும், குடிசைக்குள் ஓடிப்போய் அடுப்பில் கை காய்ச்சுவதுமாக இருந்தார்கள். விமானத்தை வைத்ததும் ஆர்வில் உடனே ஏறிப் பறந்துவிடவில்லை. எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, அது பதத்துக்கு வந்தபிறகுதான் ஏறிப் படுத்தார். அந்த எஞ்சினைச் செய்தவர் அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறு வாரத்தில் செய்து முடித்தார். பள்ளிப் பாடத்தில் ஆர்வில், வில்பர் என்று இரண்டு பேரை நமக்குச் சொல்லித் தந்தார்கள். டெய்லரை யாராவது சொன்னார்களா?

இந்தக் கேள்வியை விடாதீர்கள். திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அடுத்த இருபது வருஷத்தில் விமானம் அலாஸ்காவுக்குப் போய்விட்டது. சாலைகள் ரொம்பக் குறைவு, ரயில் பாதையும் குறைவு. மற்ற ஊர்களுக்கெல்லாம் தபால் நாய் வண்டியில்தான் போகும். 1924 பிப்ரவரி 21-ஆம் தேதி கார்ல் பென் ஐல்சன் என்ற இளைஞர், பேர்பாங்க்ஸ் ஊரிலிருந்து மெக்ராத் ஊருக்கு டி.எச்-4 விமானத்தில் தபால் மூட்டையோடு பறந்தார். நாய் வண்டிக்கு மூன்று வாரம் பிடிக்கிற தூரம். இவருக்குப் பிடித்தது மூன்று மணி நேரம்! ஊரே கூடிக் கொண்டாடியது.

கொண்டாட்டம் எல்லாம் பகலில். ராத்திரி என்ன ஆகும்? அங்கேதான் மெக்கானிக்கின் பாடு ஆரம்பம். (பல சமயம் விமானியே மெக்கானிக், அது வேறு விஷயம்.)

விமானம் இறங்கியதும், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் அடியில் இருக்கிற திருகைத் திறந்து எண்ணெயை முழுக்க ஒரு தகர டப்பாவில் வடித்துவிடுவார்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால் அந்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டும், இல்லையென்றால் உறைந்து ரேடியேட்டரைப் பிளந்துவிடும். எண்ணெய் டப்பா ராத்திரி முழுக்க மனுஷர்களோடு அறைக்குள் படுத்துக்கொள்ளும். விமானம் மட்டும் வெளியே பனியில் நிற்கும். எஞ்சின் மூக்குக்குத் தடித்த துணி உறை, இறக்கைகளுக்கு உறை.

விடிவதற்கு ரொம்ப முன்னாடி ஒருத்தர் எழுந்திருப்பார். எண்ணெய் டப்பாவை அடுப்பில் ஏற்றுவார். தரை வரைக்கும் தொங்குகிற கித்தான் கூடாரம் ஒன்றை எஞ்சின் மேல் போர்த்துவார். அந்தக் கூடாரத்துக்குள் பம்ப் ஸ்டவ் மாதிரி ஒரு நெருப்புச் சட்டியை வைத்துப் பற்றவைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துகொள்வார். நகரக் கூடாது. மேலே பெட்ரோல் சொட்டுகிற எஞ்சின், கீழே எரிகிற நெருப்பு, சுற்றிலும் துணி! தூங்கி விழுந்தால் விமானமும் போச்சு, ஆளும் போச்சு. அப்படி எரிந்துபோன விமானங்கள் உண்டு. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, அந்த நாளின் குளிரைப் பொறுத்தது. உலோகம் கைபொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றி, ஆறுவதற்குள் கிளப்ப வேண்டும். கிளம்பவில்லையென்றால்? எண்ணெயை மறுபடி வடி, மறுபடி அடுப்பில் வை.

நம்ம வெந்நீர்ச் சொம்பு இப்போது எப்படி வளர்ந்துவிட்டது பாருங்கள்.

இதே ஐல்சன் 1928 ஏப்ரலில் ஹ்யூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு அலாஸ்காவின் முனையிலிருந்து ஆர்க்டிக் கடலைத் தாண்டி ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் பறந்தார். இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்தபின் பனிப்புயல் வந்து, ஆள் இல்லாத ஒரு தீவில் இறக்கிவிட்டது. இறங்கியதும் செய்த முதல் காரியம்? எண்ணெயை வடித்ததுதான். ஐந்து நாள் விமானத்துக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள். புயல் ஓய்ந்ததும் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றிக் கிளப்பினால், இப்போது பனிச்சறுக்குக் கட்டை தரையோடு ஒட்டிக்கொண்டது. வில்கின்ஸ் இறங்கித் தள்ளினார். விமானம் நகர்ந்தது... அவரை விட்டுவிட்டே மேலே போய்விட்டது! ஐல்சன் திரும்பி வந்து இறங்கினார். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை வில்கின்ஸ் உள்ளே தொற்றிக்கொண்டே ஒரு கட்டையால் தரையை உந்தித்தள்ள, ஒருவழியாகக் கிளம்பினார்கள். வில்கின்ஸுக்கு இங்கிலாந்து அரசு சர் பட்டம் கொடுத்தது.

அடுத்த வருஷமே, 1929 நவம்பரில், சைபீரியக் கடலோரத்தில் பனியில் மாட்டிக்கொண்ட 'நானுக்' கப்பலுக்குப் போகும் வழியில் ஐல்சன் விழுந்து இறந்தார். தேடிக் கண்டுபிடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. பேர்பாங்க்ஸ் பக்கத்தில் இருக்கிற பெரிய அமெரிக்க விமானப்படைத் தளத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்த விமானத்தில் அவரோடு சேர்ந்து இறந்தவர் இன்னொருவர், ஏர்ல் போர்லண்ட். அவருடைய மெக்கானிக்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941 குளிர்காலத்தில் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது மைனஸ் 30, 40 என்று இறங்கிய குளிரில் அவர்களுடைய விமானங்கள் மரக்கட்டை மாதிரி நின்றன. ரஷ்யர்களின் விமானங்களோ பறந்துகொண்டிருந்தன! எப்படி? பிடிபட்ட ஒரு ரஷ்யரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று ஜெர்மன் விமானப்படைக் கதைகளில் வரும். ரகசியம் ரொம்ப எளிமை. ராத்திரி எஞ்சினை நிறுத்துவதற்கு முன் எண்ணெயில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவது. எண்ணெய் இளகி நீர்த்துப்போகும், காலை வரைக்கும் கெட்டியாகாது. கிளப்பியதும் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் பழையபடி எண்ணெயாகிவிடும். அமெரிக்கர்களும் இதே வித்தையைத் தனியாக ஒரு வால்வு வைத்துச் செய்தார்கள். ஜெர்மன் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் முன்னமே தெரியும் என்கிறார்கள். ஆனால் பனியில் நின்றவனுக்கு யாரும் சொல்லவில்லை! தலைமை அலுவலகத்தில் தெரிந்த விஷயம் களத்துக்கு வராமல் இருப்பது எல்லா நாட்டுக்கும் பொது போலிருக்கிறது.

ரஷ்யப் பக்கத்தில் எனக்குப் பிடித்தவர்கள் 588-ஆவது படைப்பிரிவின் பெண்கள். மரீனா ரஸ்கோவா திரட்டிய மூன்று பிரிவுகளில் ஒன்று. விமானி, நேவிகேட்டர், மெக்கானிக், குண்டு ஏற்றுகிறவர்கள் எல்லோருமே பெண்கள். ஓட்டியது போ-2 என்ற மரமும் துணியுமான இரட்டை இறக்கை விமானம். ஐந்து சிலிண்டர், 100 குதிரைசக்தி சொச்சம் உள்ள சின்ன எஞ்சின். அதை வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் பல தடவை போய் ஜெர்மன் முகாம்கள் மேல் குண்டு போட்டுவிட்டு வந்தார்கள். ஜெர்மானியர் 'ராத்திரிச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் அந்த எஞ்சின் கிளம்பியாக வேண்டும் இல்லையா? இருட்டில், விளக்கு வைக்க முடியாத முகாமில், பனியில் மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டவர்கள் இருபது வயதுகூட ஆகாத மெக்கானிக் பெண்கள். சின்னத் திருகுகளைக் கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க முடியாது. கழற்றினாலோ உறைந்த இரும்பில் விரல் தோல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பிரிவில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 'சோவியத் யூனியனின் வீரர்' என்ற மிகப்பெரிய விருது கிடைத்தது. அத்தனை பேரும் விமானிகளும் நேவிகேட்டர்களும். தகுதியானவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விரல்கள்?

இப்போது நான் விட்டுவைத்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். குளிர் எஞ்சினின் நான்காவது வியாதி. இது விருத்தாசலத்துக்கு நெருங்கிய சொந்தம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எவ்வளவு தண்ணீர் உண்டாகும் தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஏறக்குறைய ஒரு லிட்டர்! ஆவியாகப் புகையோடு போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்புகிறீர்கள். இரண்டு சிலிண்டர் 'டப் டப்' என்று வெடித்துவிட்டு நின்றுபோகிறது. அந்த இரண்டு வெடிப்பில் உண்டான துளி நீராவி எங்கே போகும்? ஜில்லென்று இருக்கிற ஸ்பார்க் பிளக்கின் முனையில் போய்ப் படிந்து, அங்கேயே உறைந்துவிடும். பொறி பாய வேண்டிய மெல்லிய இடைவெளியைப் பனி அடைத்துவிடுகிறது. இனிமேல் எத்தனை தடவை சுற்றினாலும் பொறி வராது. பிளக்குகளை எல்லாம் கழற்றி எடுத்துப்போய், அடுப்பில் வாணலியில் போட்டு வறுத்து, சூட்டோடு மாட்டினால்தான் உண்டு. அலாஸ்கா விமானிகள் அப்படி வறுத்திருக்கிறார்கள். கடுகு தாளிக்கிற மாதிரி நினைத்துப் பாருங்கள்!

அந்த பிளக்கின் உடம்பில் வெள்ளையாக ஒரு பாகம் இருக்கிறதே, அது பீங்கான் ஜாதி. ஆயிரக்கணக்கான வோல்ட்டை வெளியே கசியவிடாமல் நுனி வரைக்கும் கொண்டுபோவது அதன் வேலை. உங்கள் வீட்டு மின்சாரப் பெட்டியில் விரலைச் சுடாமல் நீங்கள் பிடித்து இழுக்கிற ஃப்யூஸ் கேரியர் செய்கிற அதே வேலை. விருத்தாசலத்துப் பீங்கான் விமானத்தில் பறந்தது என்று நான் கதை விடவில்லை. ஃப்யூஸ் கேரியருக்கு வேண்டிய களிமண் பீங்கான் வேறு, பிளக்குக்கு வேண்டியது வேறு. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமான பிளக்கில் சாதாரணப் பீங்கான் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் குளிர்காற்று, நடுவே ஓயாத அதிர்ச்சி. விரிசல் விட்டது. (ரைட் சகோதரர்களின் முதல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. உள்ளேயே இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரியும்போது பொறி வரும்.) முதல் உலகப்போர்க் காலத்தில் பீங்கானுக்குப் பதிலாக மைக்காவைத் தாள் தாளாகச் சுற்றி பிளக் செய்தார்கள். இங்கிலாந்தில் கார் பந்தய வீரர் கெனெல்ம் லீ கின்னஸ் நடத்திய கே.எல்.ஜி. கம்பெனி இதில் பேர்போனது. அந்தக் காலத்தில் உலகத்தின் தகட்டு மைக்காவில் பெரும் பங்கு நம் நாட்டிலிருந்து போனது. பீகார் பக்கம் கோடர்மா, இன்னொன்று அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் ஜில்லா. சுரங்கத்திலிருந்து வந்த மைக்காவை உட்கார்ந்து ஏடு ஏடாகப் பிரித்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. பனியைக் கண்ணால் பார்த்திராத கைகள்!

பிறகு பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள், அது மைக்காவை அரித்தது. 1930-களில் ஜெர்மனியின் சீமென்ஸ், களிமண்ணை ஓரங்கட்டிவிட்டு அலுமினாவை, அதாவது மாணிக்கக் கல்லின் மூலப்பொருளை, 1,600 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டுக் கெட்டியாக்குகிற முறையைக் கொண்டுவந்தது. நம் சாதாரணப் பீங்கான் சூளைச் சூட்டைவிட இது 300 டிகிரி அதிகம். இன்றைக்கு உங்கள் பைக்கில் இருக்கிற பிளக் வரைக்கும் அதே வம்சம்தான். கடைசியில் பீங்கான்காரன்தான் ஜெயித்தான், கொஞ்சம் வேறு மண்ணோடு.

விருத்தாசலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உளுந்தூர்பேட்டை. அங்கே இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுபாதை ஒன்று உண்டு. நம் வெயிலில் அங்கே வந்துபோன எஞ்சின்களுக்குப் பிரச்னை நேர் எதிராகத்தான் இருந்திருக்கும். தரையில் கொஞ்ச நேரம் நின்றாலே கொதிக்கும். அதனால் எஞ்சினுக்குச் சூடுகாட்டுவதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரத்தில் விமானப்படையின் மெக்கானிக் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டு வெயிலில் ஸ்பேனர் பிடித்துப் பழகுகிறவர்களை அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. லடாக்காகவும் இருக்கலாம்.

லடாக்கில் விமானம் முதலில் இறங்கியது 1948 மே 24. பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த படைகள் லே நகரை நெருங்கிக்கொண்டிருந்தன. ஊரைக் காப்பாற்ற ஆளும் துப்பாக்கியும் வேண்டும், சாலை கிடையாது. அந்த பிப்ரவரியிலேயே கேப்டன் பிரிதி சந்த் ஒரு சின்னப் படையோடு கிளம்பி, உறைந்த ஜோஜி லா கணவாயை நடந்தே கடந்து லே போய்ச் சேர்ந்திருந்தார். கூடவே போன லடாக் எஞ்சினீயர் சோனம் நோர்பு, ஊர் ஜனங்களை வைத்தே சிந்து நதிக்கரையில் ஓடுபாதை போட்டார். ரோலர், புல்டோசர் எல்லாம் யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஏர் கமோடர் மேஹர் சிங், பக்கத்தில் ஜெனரல் திம்மய்யாவை உட்காரவைத்துக்கொண்டு, 20,000 அடிக்கு மேல் டகோட்டாவை ஏற்றி, மலைகளைத் தாண்டி அங்கே இறக்கினார். கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம். இறக்கையில் படிகிற பனியைப் போக்க அந்த விமானத்தில் கருவி இல்லை, காற்றழுத்தம் காக்கும் கேபினும் இல்லை. அடுத்தடுத்து வந்த டகோட்டாக்களில் கூர்க்கா வீரர்கள் வந்து இறங்கினார்கள். லே தப்பியது.

டகோட்டாவுக்கு இரண்டு எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு சிலிண்டர், நூறு லிட்டருக்கு மேல் எண்ணெய். நம்ம சொம்புக் கணக்கில் யோசித்துப் பாருங்கள்! குளிர்காலத்தில் மைனஸ் 15, 20 என்று இறங்குகிற ஊரில், ஹாங்கரோ ஹீட்டரோ இல்லாமல் அதை ராத்திரி நிறுத்திவைத்தால் காலையில் என்ன கதி என்று இப்போது உங்களுக்கே தெரியும். பனிப்பிரதேசங்களில் சாமான் இறக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் சுற்றவிடுகிற வழக்கம் வந்ததே அதனால்தான். இன்றைக்கு சியாச்சினில் சீட்டா ஹெலிகாப்டர்கள் விசிறி சுற்றச்சுற்றவே சாமானை இறக்கிவிட்டுப் பறக்கின்றன. அது டர்பைன் எஞ்சின், சுபாவம் வேறு. ஆனால் அணைத்தால் மறுபடி கிளம்புமா என்ற பயம் அதே பயம்தான்.

அந்த முதல் டகோட்டா இறங்கிய நாளைப் பற்றி லேயில் ஒரு கதை சொல்வார்கள். அதுவரைக்கும் சக்கரம் வைத்த வண்டியையே பார்த்திராத ஜனங்கள் நிறையப் பேர். இத்தனை தூரம் பறந்து வந்த அந்தப் பிராணிக்குப் பசிக்குமே என்று அவர்களில் சிலர் கட்டுக் கட்டாகப் புல்லைக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு முன்னால் போட்டார்களாம்.

கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். பனியில் எஞ்சினுக்குப் போர்வை போர்த்தி, ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நெருப்போடு உட்கார்ந்திருந்த எந்த மெக்கானிக்கும் சிரித்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.